கள்ளிச் செடிகளைக் குளிர்காலத்தில் பாதுகாக்கும் முறை

கள்ளிக்குப் பராமரிப்பு எதற்கு என்று கேட்போர் பலர். கல்லிடுக்கிலும் வறண்ட மேட்டிலும் தானாக வளரும் செடிக்கு மனிதன் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் வல்லக்கோட்டை, ஒரகடம் முதலிய ஊர்களின் பக்கத்தில் வேலிக்காகவோ விற்பனைக்காகவோ கள்ளி வைத்திருப்பவர்கள், மார்கழி பிறந்து தை முடிவதற்குள் சில செடிகள் அடி கறுத்துச் சாய்வதைக் கண்டு, "குளிர் தாங்காமல் போய்விட்டது" என்று சொல்லக் கேட்கிறோம். அப்படி எண்ணியவர்களில் சிலர் அடுத்த வருஷம் செடிகளைச் சாக்கினாலும் பிளாஸ்டிக் தாளினாலும் மூடி வைக்கிறார்கள். அவ்விதம் மூடியதனால் நஷ்டம் முன்னிலும் அதிகமாகிறதே ஒழியக் குறைவதில்லை.

நமது பிரதேசத்தில் கள்ளியைக் கொல்வது குளிர் அன்று. குளிர்காலத்தில் வேரடியில் தங்கும் ஜலமே. இதற்குரிய காரணங்களையும், புரட்டாசி முதல் மாசி வரையில் செய்ய வேண்டிய காரியங்களையும் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளி எது, கள்ளி அல்லாதது எது

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்ள வேண்டும். முள்ளும் சதைப்பற்றும் உள்ளவற்றையெல்லாம் நாம் கள்ளி என்கிறோம். சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஓர் இனத்தைச் சேர்ந்தவை. தாவர சாஸ்திரிகள் இவ்வினத்தை யூபோர்பியா என்பர். பழைய மௌரித்தானிய அரசனான ஜூபாவின் வைத்தியர் யூபோர்பஸ் என்பவரின் பெயரால் வந்தது இது. உலகெங்கும் ஏறத்தாழ 2,000 வகைகள் இவ்வினத்தில் உண்டு. மழைக்காலத்தில் மல்லாட்டைக் கொல்லையில் தரையோடு படரும் அம்மான் பச்சரிசியும், வீட்டு வாசலில் சிவப்பாய்ப் பூத்து முள் நிறைந்திருக்கும் தொட்டிச் செடியும் இதே இனத்தவைதாம். அந்தத் தொட்டிச் செடியை நர்சரிக்காரர்கள் 'யூபோர்பியா' என்றே விற்கிறார்கள்.

சப்பாத்திக்கள்ளி இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பம். இரண்டையும் பிரித்தறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. நுனியில் சிறிது கீறிப் பார்த்தால் உண்மையான கள்ளியில் வெள்ளைப் பால் உடனே கசியும். சப்பாத்தியில் வெறும் நீரும் பசையுமே வரும்.

இந்தப் பேதத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை ராஜதானியில் ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தைச் சப்பாத்திக்கள்ளி அடைத்துக் கொண்டிருந்தது. 1926-ஆம் வருஷத்தில் இலங்கையிலிருந்து ஒரு வகைச் செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டதும், சில ஆண்டுகளில் அது பெரும்பாலும் அழிந்தது. அதற்கு முன்னரே 1795-இல், சாயம் எடுக்க உதவும் பூச்சி என்று தவறாக எண்ணிப் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட மற்றொரு பூச்சி, வேறொரு வகைச் சப்பாத்தியை வட இந்தியாவில் ஒழித்திருந்தது. வெண்பஞ்சு போன்ற அப்பூச்சி பால்கள்ளியைத் தொடாது. ஆகையால் பால்கள்ளி வேலியில் வெள்ளையாய் ஏதேனும் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி என்று கொள்ளலாம். அதற்கு வைத்தியம் வேறு. சப்பாத்திக்குச் சொன்ன யோசனையைக் கள்ளிக்கும், கள்ளிக்குச் சொன்னதைச் சப்பாத்திக்கும் செய்து கைப்பொருளை விரயமாக்குவோர் இன்றும் உண்டு.

வேலிக்கு நம் பக்கத்தில் உகந்தது கொம்புக்கள்ளி. விரல் தடிமனான பச்சைக் கொம்புகள் நெருங்கி, இலையே இல்லாததுபோல் தோன்றும் செடி அது. ஆப்பிரிக்காவே அதன் பூர்வ தேசம் எனினும் வெகு காலத்துக்கு முன்பே இந்நாட்டில் குடியேறிவிட்டது. மலையாளக் கரையில் டச்சுக்காரரின் கவர்னராயிருந்த வான் ரீட் என்பவர், 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 பாகங்களாக அச்சிட்ட மலையாள மூலிகை நூலில் இதனைத் 'திருகள்ளி' என்ற நாட்டுப் பெயராலேயே குறித்தார். 1753-இல் லின்னேயஸ் அப்பெயரையே சாஸ்திரப் பெயராக ஏற்றுக்கொண்டார். நம் வேலிக் கள்ளியின் பெயர் அன்று முதல் உலகமெங்கும் வழங்கி வருகிறது.

குளிர் எவ்வாறு கொல்லுகிறது

கடுங்குளிர் தேசங்களில் கள்ளியினத்துச் செடிகள் இருவிதமாக உயிர் தப்புகின்றன. வட அமெரிக்காவின் வட டகோட்டா முதலிய ராஜ்யங்களில் 'எசுலா' என்னும் ஒரு கள்ளி, மேய்ச்சல் நிலங்களைக் கெடுக்கும் பெருங்களையாக இருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரையிலும் இறங்கும். தரைக்கு மேலுள்ள தண்டு முழுதும் மடிந்தாலும், ஆள் உயரத்துக்கும் அதிகமாக ஆழ்ந்து செல்லும் வேரிலுள்ள முகைகள் பூமியின் கதகதப்பில் பிழைத்து மறுவசந்தத்தில் துளிர்க்கின்றன. இது ஒரு விதம். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் சில கள்ளிகளோ இலையுதிராமலேயே சில டிகிரி உறைபனியைத் தாங்குகின்றன. பகல் குறையக் குறைய, குளிர் சிறிது சிறிதாக ஏற ஏற, அவை தம் உடலிலுள்ள நீரைக் குறைத்துச் சர்க்கரைச் சத்தை அதிகப்படுத்திக் கொள்கின்றன. திடீரென்று வரும் குளிர் அதே செடியைக் கொன்றுவிடும். படிப்படியாக வருவது அதைப் பழக்கும்.

நம் நாட்டுச் சதைப்பற்றுக் கள்ளிகளுக்கு இவ்விரு சாமர்த்தியமும் இல்லை. அவற்றின் தண்டு ஒரு நீர்ச்சால் போன்றது. பனி உறைந்தால் தண்டின் உயிரணுக்கள் சிதைந்து, வெயில் பட்டதும் கூழாகிவிடும். ஆதலால் கள்ளிக்குக் குளிர் ஆகாது என்ற பேச்சு முழுப் பொய்யன்று. அது எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் அதற்கு விடை உதகமண்டலத்தில் இருக்கிறது. அங்கே கார்த்திகை முதல் தை வரையில் விடியற்காலங்களில் புல்வெளி வெண்மையாய் உறைந்து கிடக்கும். தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் வெப்பம் பூஜ்யம் வரையும், சில நாள் அதற்குக் கீழும் போகும். குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆதலால் மேட்டிலுள்ள செடி பிழைக்க, நூறு கஜத்துக்குக் கீழே உள்ளது கருகிப் போவதுண்டு. 1848-இல் ஏற்பட்ட அரசினர் தாவரவியல் பூங்காவில், உறைபனிக் காலத்தில் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழைகளால் கவிழ்த்து மூடுகிறார்கள். தழைக்குள்ளே காற்று ஊடாடும். ஆனால் ஆகாயத்தை நோக்கித் தரையின் சூடு வெளியேறுவது தடைப்படும். அவ்வூருக்கு அது மிகவும் பொருத்தமான ஏற்பாடு.

வல்லக்கோட்டையில் அதற்கு இடமே இல்லை. சென்னை நகரத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரி. அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். நம் பக்கம் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருப்பதனால் மார்கழி விடியலில் இரண்டொரு டிகிரி அதிகமாய்க் குளிரலாம். கொம்புக்கள்ளியும் தொட்டி யூபோர்பியாவும் 10 டிகிரி வரையில் யாதொரு தீங்குமின்றி நிற்கும். மனிதனுக்குக் கம்பளி வேண்டியிருக்கிறதென்றால் கள்ளிக்கும் வேண்டும் என்று நினைப்பது அன்பின் மிகுதியே தவிர அறிவின் முடிவன்று.

ஜலம் எவ்வாறு கொல்லுகிறது

இப்பிரதேசத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்கிறது. பெய்வதும் சீராகப் பெய்வதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதியில் தாம்பரத்தில் ஒரு நாளைக்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இவ்வட்டாரத்தில் மறந்தவர் இரார். பூமி நிரம்பி, ஏரி நிரம்பி, வரப்பின் இருபுறமும் நீர் நிற்கும் இந்த மாதங்களில்தான் பகலும் குறுகுகிறது, வெயிலும் தணிகிறது. கள்ளியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வளராத செடி நீர் குடிப்பதில்லை.

இதில் கள்ளியின் சுபாவத்தையும் கவனிக்க வேண்டும். மற்றப் பயிர்கள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து சுவாசிக்க, சதைப்பற்றுள்ள கள்ளிகள் வெயில் வேளையில் அவற்றை மூடி இரவில் திறக்கின்றன. நீரைச் சிக்கனம் செய்வதற்கென்றே அமைந்த உடல் அது. நெல்லுக்கு உதவும் நீர்த்தேக்கம் அதற்கு விஷமாகும். மண்ணிலுள்ள சிறு இடைவெளிகளை நீர் அடைத்துக் கொண்டால் வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத வேர் சில நாளில் இறக்கும். இறந்த வேர் வழியாகப் பூஞ்சாணம் புகுந்து தண்டின் அடியைக் கரைக்கும்.

ஏமாற்றம் உண்டாவது இந்த இடத்தில்தான். வேர் செத்த செடி நீரை இழுக்க முடியாமல் மேலே வாடிச் சுருங்கித் தோன்றும். அதனைக் காண்பவர் தாகம் என்று எண்ணி மேலும் இரண்டு செம்பு ஜலம் ஊற்றுவார். செடி விரைவில் மடியும். ஐப்பசியில் அழுகத் தொடங்கிய வேரின் பலன் மார்கழியில் வெளியே தெரிவதனால் பழி குளிரின்மேல் விழுகிறது. மார்கழிப் பனியும் குற்றமற்றதன்று. ஆனால் அது துணைக் குற்றவாளியே. இரவு முழுதும் இலையிலும் பூவிலும் ஈரம் தங்குவதனால் சாம்பல் நோயும் பூ அழுகலும் பரவுகின்றன.

வேலிக் கள்ளி

இன்று இப்பகுதியில் நிலத்தின் மதிப்பை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மோட்டார் கார் உற்பத்தி ஆரம்பித்தது முதல், 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெருந்தொழிற்சாலை வந்தது வரையிலும், பிறகும், சுற்றிலுமுள்ள புஞ்சைகள் மதிற்சுவர்களுக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. எஞ்சியுள்ள நிலத்தில் பயிர் செய்பவருக்கு வேலி இரட்டைப் பயன் உடையது. திரியும் மாடுகளைத் தடுப்பது ஒன்று. எல்லையை நிறுத்துவது மற்றொன்று. முப்பது நாற்பது வருஷம் நின்ற கள்ளி வரிசையில் பத்து கஜ தூரம் அழுகி விழுந்தால் அங்கே முதலில் ஆட்டுத் தடம் விழும். பிறகு வண்டித் தடம் விழும். அதன் பிறகு சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருக்கும். தகராறு தீரும்வரை அந்த நிலத்தின்பேரில் சங்கத்தில் கடன் கேட்பதும் சிரமமாகும். ஒரு மண்வெட்டி வேலையைப் புரட்டாசியில் செய்யாததனால் இவ்வளவும் நேரிடுவதை, கிராமங்களுக்குத் தணிக்கைக்குப் போகும் எம்மைப் போன்றவர்கள் கேட்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். கள்ளி வரிசை வயல் மட்டத்துக்கு ஓரடியாவது உயர்ந்த கரையின்மேல் இருக்க வேண்டும். பழைய வேலியானால் அடியிலுள்ள மண் மழையில் கரைந்து, வரிசையே பள்ளமாய்ப் போயிருக்கும். புரட்டாசிக்குள் இருபுறத்திலிருந்தும் மண் எடுத்து அணைத்து, எடுத்த இடத்தையே வடிகாலாக ஏரிப்பக்கம் சரிவாக விட்டுவிடலாம். அடியிலே குவிந்த சருகையும் குப்பையையும் நீக்க வேண்டும். அவை ஈரத்தைக் காத்து வைத்து அழுகலை வரவேற்கும். சாணக் குவியலைக் கள்ளி வேலியை ஒட்டிப் போடும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

கிளை கழிப்பதற்கும் காலம் உண்டு. கொம்புக்கள்ளி உயர்ந்துவிட்டால் தலைக்கனம் கூடி, நனைந்த மண்ணில் காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது சென்னைச் சுற்றுப்புறங்களில் பெருமரங்களே விழுந்தன. நீர் நிறைந்த முறியும் கொம்பு எம்மாத்திரம்! ஆகவே ஆவணியில் வெயிலுள்ள நாள் பார்த்து, மார்பளவுக்குக் கழித்துவிட வேண்டும். வெட்டுவாய் மழைக்கு முன் காய்ந்து மூடிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தி வைப்பது திறந்த புண்ணில் சேற்று நீரை விடுவதற்குச் சமானம்.

விழுந்த இடத்தை நிரப்பப் புதிய கொம்பு நடுவதற்குத் தை பிற்பகுதியும் மாசியும் நல்லவை. மண்ணில் மிஞ்சிய ஈரம் இருக்கும், மேல்மழை இராது, வெயில் ஏறத் தொடங்கும். நன்கு முற்றிய கொம்பை ஒன்றரை முழ நீளத்துக்கு வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் தோல் கட்டும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, பிறகு ஓரடிக்கு ஒன்றாக நட வேண்டும். வெட்டிய அன்றே பாலோடு நட்ட கொம்புகளில் பல மண்ணுக்குள் அழுகிவிடும். நட்ட பின் பத்து நாள் வரை நீர் ஊற்றாதிருப்பதே உத்தமம்.

கொங்கு நாட்டில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளுவை வேலி கட்டுகிறார்கள். அதுவும் நல்லதே. ஆனால் அங்கே மழை குறைவு. நமது செம்மண் புஞ்சையில் எது நிலைக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் இவ்வூர் அனுபவசாலிகளே.

தொட்டிச் செடிகள்

தொழிற்சாலை வளாகங்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் அழகுச் செடிகள் வேண்டியிருப்பதால், சிறு நர்சரி வைப்பது இப்பக்கத்தில் ஒரு வருவாய்க்கு வழியாகிறது. முள் யூபோர்பியா அதற்கு ஏற்றது. மடகாஸ்கர் தீவில் பிறந்த இச்செடியை 1821-இல் பிரான்சுக்கு அனுப்பிய மிலியஸ் பிரபுவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. சயாம் தேசத்தார் அதனைப் பெரும் பூவாக வளர்த்தெடுத்து, பல நிறங்களில் உலகுக்கு விற்கிறார்கள்.

இதில் நஷ்டம் எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்கால் காட்டுவது நலம். ஒரு மகளிர் குழு சங்கத்தில் கடன் வாங்கி, தொட்டி ஒன்றுக்கு 40 ரூபாய் செலவில் 500 செடி வளர்ப்பதாகவும், ஒன்று 80 ரூபாய்க்கு விலை போவதாகவும் வைத்துக்கொள்வோம். செலவு 20,000, வரவு 40,000, மிச்சம் 20,000 ரூபாய். மழையில் 150 செடி அழுகினால் வரவு 28,000 ஆகும். மிச்சம் 8,000 மட்டுமே. செடியில் நூற்றுக்கு முப்பது போனால் லாபத்தில் நூற்றுக்கு அறுபது போகிறது. அதிலும் வட்டி கழிய வேண்டும். 250 செடி போனாலோ முதல் மட்டும் திரும்பும். குழுவினரின் ஒரு வருஷ உழைப்பு கூலியின்றிப் போகும். 1904-ஆம் வருஷச் சட்டத்தின்படி ரிஜிஸ்தர் ஆன முதல் கூட்டுறவுச் சங்கம் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் ஏற்பட்டது. வல்லக்கோட்டையும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கடனைக் கொடுப்பது போலவே, கடன் விளைந்து திரும்புமா என்று பார்ப்பதும் அன்று முதல் சங்கத்தின் காரியமாயிருந்து வருகிறது. ஆகையால் தொட்டியின் அடித்துவாரம் பஞ்சாயத்தார் கவனிக்கத் தகாத அற்ப விஷயமன்று.

அத்துவாரம் சுண்டுவிரல் நுழையும் அளவாவது இருக்க வேண்டும். உள்ளே உடைந்த ஓட்டுச் சில்லும், அதன்மேல் கரடான மணலும் போட்டு, பிறகு கலவை இட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப்பங்கு போதும். தேங்காய் நார்த்தூளை மலிவென்று அதிகமாய்ச் சேர்க்கிறார்கள். அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். கோடையில் அது நன்மை. கார்த்திகையில் அதுவே எமன். எம்-சாண்ட் உபயோகிப்போர் நுண்தூளைக் கழுவிவிட வேண்டும்; இல்லையேல் அது துவாரத்தைச் சிமெண்டு போல் அடைத்துவிடும்.

தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல்லின்மேல் தூக்கி வைத்தால் பாதி வியாதி போயிற்று. மழை மாதங்களில் மேலே மட்டும் பிளாஸ்டிக் கூரையிட்டு நான்கு பக்கமும் திறந்திருக்க விட வேண்டும். பக்கத்தையும் அடைத்தால் உள்ளே வேர்த்து, இலை நனைந்து, சாம்பல் நோய் வரும். மார்கழியிலும் தையிலும், மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் விரலால் தோண்டிப் பார்த்து, உலர்ந்திருந்தாலொழிய ஜலம் விடலாகாது. விடுவதும் காலை வெயில் ஏறிய பின், செடியின்மேல் படாமல் மண்ணில் விட வேண்டும். மாலையில் பூவாளியால் தலையில் தெளிப்பது பார்வைக்கு அழகாயிருக்கலாம். பனி இரவுக்கு முன் அது கெடுதல்.

உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரட்டாசிக்குப் பின் யூரியாவோ பசுஞ்சாணமோ போடுவதனால் இளங்கொழுந்து மென்மையாய்க் கிளம்பும். குளிர் தேசத்தில் அக்கொழுந்தைப் பனி கொல்லும். இங்கே அழுகல் கொல்லும். இரண்டிடத்தும் விதி ஒன்றே: குளிர்காலத்துக்குள் செடி முற்றிய உடலோடு நுழைய வேண்டும்.

சாம்பல் நோய் கண்டால், நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கரைத்துக் காலையில் தெளிக்கலாம். அடி அழுகல் கண்ட தொட்டியை வரிசையிலிருந்து உடனே விலக்கி, சுற்றியுள்ளவற்றின் மண்ணில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றுவது நலம். ஆனால் வடிகால் சரியில்லாத தொட்டிக்கு மருந்து ஊற்றுவது அதற்கு இன்னும் ஒரு செம்பு ஜலம் ஊற்றியதாகவே முடியும்.

அழுகிய செடியையும் பல சமயம் மீட்கலாம். அடி மெத்தென்று கறுத்து நாற்றம் அடித்தால் அதைக் காக்க முயல்வது வீண். மேலே உறுதியான பகுதியில் வெட்டி, வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். முகம் முழுதும் ஒரே நிறமாயும் பால் தாராளமாயும் வரும் இடமே ஆரோக்கியமான இடம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, அந்தத் துண்டை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி மணலில் ஊன்றினால் மாசி முடிவதற்குள் வேர் விடும்.

டிசம்பர் மாதத்துச் சிவப்புச் செடி

கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் விற்கும் பாயின்செட்டியாவும் கள்ளியினமே. மெக்சிகோ நாட்டிலிருந்து பரவியது; 1820-களில் அமெரிக்கத் தூதராய் அங்கிருந்த பாயின்செட் என்பவரின் பெயரால் வழங்குகிறது. அதில் சிவப்பாயிருப்பவை பூவல்ல, இலைகளே. நடுவிலுள்ள சிறு மஞ்சள் மணிகளே பூக்கள். பார்வைக்குக் கவர்ச்சியாயிருப்பதால் இதை இங்கே வளர்த்து விற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இச்செடிக்கு நிறம் ஏற நீண்ட இருள் வேண்டும். இரண்டு மாத காலம், நாள்தோறும் 14 மணி நேரம் சற்றும் வெளிச்சம் படாத இரவு இருந்தால் நிறம் நிச்சயம். நமது அட்சரேகையில் மார்கழி இரவே ஏறத்தாழ 12 மணி 40 நிமிஷந்தான். சரியான இருள் கிடைத்தால் அதுவே போதுமாயினும், இரவு முழுதும் விளக்கெரியும் தொழிற்சாலைச் சாலையோரத்தில் வைத்த செடி மார்கழியிலும் பச்சையாகவே நிற்கும். குறுக்கே சிறிது நேரம் விழும் வெளிச்சமும் அதன் கணக்கைக் கலைத்துவிடும். கறுப்புத் துணியால் மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை மூடலாம். ஆனால் நம் புரட்டாசி, ஐப்பசி இரவுகள் வெப்பமானவை. வெப்பமான இரவு நிறமேறுவதைத் தாமதப்படுத்தும். மலைப் பிரதேசத்துக்குரிய இச்செடியில் கடன் பணத்தைப் போட வேண்டாமென்பதே எமது அபிப்பிராயம். ஆசைக்குப் பத்துத் தொட்டி வைப்பது வேறு விஷயம்.

கள்ளிப்பாலைப் பற்றிய எச்சரிக்கை

கள்ளிப்பால் என்றவுடனே நம் மக்களுக்குப் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கொடுமை நினைவுக்கு வரும். அதனைத் தடுக்கவே 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்பட்டது. அக்குற்றம் மனிதருடையது, செடியுடையதன்று. ஆயினும் பாலின் உக்கிரம் மெய்யே. கிளை கழிக்கும்போது கண்ணில் ஒரு துளி தெறித்தால் சில மணி நேரத்தில் தாங்க முடியாத எரிச்சலும் பார்வை மங்கலும் உண்டாகும். தாமதமின்றிச் சுத்தமான ஜலத்தால் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்ப்பால், எண்ணெய் முதலிய கைவைத்தியங்களால் நேரம் வீணாகும். வேலை செய்வோர் நீளக்கைச் சட்டையும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தலைக்கு மேலுள்ள கொம்பைக் கீழிருந்து அண்ணாந்து வெட்டாமல் பக்கவாட்டில் நின்று வெட்ட வேண்டும். நர்சரிக் குழுக்களுக்குச் சங்கத்தின் மூலமாகவே கையுறைகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் விலை குறையும்.

வெட்டிய கொம்புகளை ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ எறியலாகாது. கொம்புக்கள்ளியின் பாலை மீன் மயக்கிப் பிடிக்க உபயோகித்த வழக்கம் பல தேசங்களில் உண்டு. ஆவணியில் வேலி கழிக்கும் காலத்தில் ஏரியில் நீர் குறைவாயிருக்கும். ஒரு வண்டிக் கள்ளி அதில் விழுந்தால் மீன் குத்தகை எடுத்தவருக்கு நஷ்டம், கால்நடைக்கும் தீங்கு. மேட்டில் ஓரிடத்தில் பரப்பி ஒரு மாதம் வெயிலில் காயவிட்டால் பால் வற்றிச் சுள்ளியாகும். நடுவதற்குரிய கொம்புகளை மட்டும் அதற்கு முன்னரே பொறுக்கி, யாருடைய வேலியில் இடைவெளி இருக்கிறதென்று சங்கக் காரியதரிசியிடம் விசாரித்துக் கொடுக்கலாம். அவ்விதம் கொடுப்பதற்கு ஆவணிக் கொம்பைக் காட்டிலும் தை மாதத்துக் கொம்பே மேலானது.